சூரன் போரும் நம் கிளை நூலகமும்

(கந்தசஷ்டியை ஒட்டி எங்கள் பேட்டை வாசகர் வட்டக் கூட்டத்தில் நான் பேசியது. செல்போனில் பதிவானதைக் கேட்டு நானே எழுதினேன். மழை இரைச்சல் விழுங்கிய இடங்களை மட்டும் நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த அண்ணாச்சி அவர்களே, பின்னால் சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. எட்டாம் வகுப்பில் எனக்குப் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தவர். நான் ஒற்று ஒன்றை விழுங்கினால் மேடையில் சொல்ல மாட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பால் பூத் திருப்பத்தில் நிறுத்திச் சொல்வார். அந்தப் பெருந்தன்மைக்கு வணக்கம். மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்கு இன்னொரு இடத்தில் வளைகாப்பு இருக்கிறதாம், அரை மணியில் கிளம்ப வேண்டும் என்றார்கள். அம்மா, கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது, அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். அறங்காவலர் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நன்றி ஐயா. வீட்டில் இதோடு பதினேழு பொன்னாடை ஆகிறது. அடுத்த முறை அந்தக் காசுக்கு நம் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ‘சூரபன்மன் போர்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, அசுரர்கள் ஏன் படையெடுத்தார்கள். இரண்டு, போரைத் தடுக்க வழி இருந்ததா. மூன்று, அவ்வளவு அக்கிரமம் செய்த சூரனை முருகன் ஏன் அழித்துவிடாமல் மயிலாகவும் சேவலாகவும் வைத்துக்கொண்டான். மூன்றாவதுதான் முக்கியம்.

இது நேற்று முளைத்த கதை இல்லை. குறுந்தொகையைத் திறந்தால், கடவுள் வாழ்த்தைத் தாண்டியதும் முதல் பாட்டே இந்தப் போரில்தான் தொடங்குகிறது. திப்புத்தோளார் பாடியது. களம் சிவக்க அவுணரை, அதாவது அசுரரை, கொன்று தேய்த்த சேயாகிய முருகனின் குன்றம் இது, இங்கே காந்தள் குலைகுலையாகப் பூத்திருக்கிறது என்கிறாள் தோழி. யாரிடம் சொல்கிறாள்? காந்தள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற தலைவனிடம். ‘எங்கள் மலையிலேயே நிறையக் கிடக்குப்பா, நீ எடுத்துக்கொண்டு போ’ என்று பொருள். அவ்வளவு பெரிய போர், ஒரு பூவை வேண்டாம் என்று சொல்லப் பயன்பட்டிருக்கிறது! ஊரெல்லாம் தெரிந்த கதையைத்தானே இப்படிப் போகிறபோக்கில் சொல்ல முடியும்?

அதை விரித்துச் சொன்னவர் காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார். கந்தபுராணம் ஆறு காண்டம், 10,345 பாட்டு. பயப்படாதீர்கள், எல்லாவற்றையும் இன்று சொல்லப்போவதில்லை.

காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த பிள்ளைகள் சூரபன்மன், சிங்கமுகன், தாரகன். கூடப் பிறந்த தங்கை அசமுகி. அண்ணன் தம்பிகள் தவம் கிடந்து சிவனிடமே வரம் வாங்கினார்கள். 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளலாம். கவனியுங்கள், திருடிய சொத்து இல்லை, முறைப்படி கையெழுத்தாகி வந்த வரம். தென்கடலில் வீரமகேந்திரபுரம் என்று தலைநகர் கட்டினான் சூரன். அதுவரை தப்பில்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. தேவர்களைக் கூப்பிட்டுக் கடல் மீனைச் சுமந்துவரச் சொன்னான். அமுதம் குடித்த வாய்க்காரர்கள் தலையில் மீன் கூடை! காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்குக் கூடை தூக்குகிற நம் ஆட்களுக்குத் தெரியும், அது உழைப்பு, கேவலம் இல்லை. கேவலப்படுத்துவதற்காகவே ஒருவனைத் தூக்க வைப்பது வேறு.

சூரன் மகன் பானுகோபன் தொட்டிலில் கிடக்கும்போது முகத்தில் வெயில் பட்டதாம். எழுந்து போய்ச் சூரியனைப் பிடித்துத் தொட்டில் காலில் கட்டிப்போட்டான். கைக்குழந்தை! நம் வீட்டுப் பிள்ளை ரிமோட்டைப் பிடுங்கினால் ‘சமத்து’ என்கிறோமே, அந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிறகு அசமுகி, இந்திராணியைத் தூக்கிக்கொண்டு போகச் சீகாழிக்கு வந்தாள். அங்கே மூங்கில் காட்டில் இந்திரன் ஒளிந்திருந்த காலம் அது. காவலுக்கு நின்ற மகாகாளர் அவள் கையை வெட்ட, அந்தக் கோபத்தில் பானுகோபன் விண்ணுலகம் போய் இந்திரன் மகன் சயந்தனையும் தேவர்களையும் பிடித்துவந்து சிறையில் அடைத்தான். போருக்கு வித்து அதுதான்.

சீகாழி என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவேன்.

இரண்டாவது விஷயம். போரைத் தடுக்க வழி இருந்ததா? ஒன்றல்ல, மூன்று தடவை இருந்தது. முருகன் முதலில் வேலை அனுப்பவில்லை, வீரவாகுவைத் தூது அனுப்பினான். சபையில் தூதனுக்கு உட்கார ஒரு ஆசனம் போடவில்லை சூரன். முருகன் அருளால் சிங்காசனம் தானே வந்தது. ‘தேவரை விடு’ என்றான் வீரவாகு. விடவில்லை. தம்பி சிங்கமுகன் சொன்னான், கேட்கவில்லை. சொந்த மகன் இரணியன் சொன்னான், அதையும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை கடைசியில் என்ன செய்தான் தெரியுமா? அப்பா சாகப்போகிறார், ஈமக் கடன் செய்ய ஒருவனாவது வேண்டுமே என்று மீனாகிக் கடலுக்குள் மறைந்துகொண்டான். கந்தபுராணத்தில் என் நெஞ்சைப் பிசைகிற இடம் அதுதான். வேல் பாய்கிற இடம் கூட இல்லை.

எங்கள் தாத்தா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் அடிக்கடி சொல்வார்: ‘ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடியும்போது விடியட்டும்.’ சிங்கமுகன் ஊதினான், இரணியன் ஊதினான். சூரனுக்கு விடியவில்லை. போர்க்களத்தில் முருகனின் பெரிய உருவத்தைப் பார்த்த பிறகுதான் ‘பாலன் என்றிருந்தேன் அந்நாள்’ என்கிறான். சின்னப் பையன் என்று நினைத்துவிட்டேனே என்று.

சின்னப் பையன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வடசென்னையில் ஒரு கோயில். சஷ்டி ஆறாம் நாள், சூரசம்ஹாரம். ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்கிறது. சூரன் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள்: உடம்பு ஒன்று, தலை மட்டும் மாறும். முதலில் யானைத்தலை, அது தாரகன். வேல் வந்து தொட்டதும் அதைக் கழற்றிவிட்டுச் சிங்கத்தலை. அப்புறம் சூரன் தலை, மாமரம், சேவல். காகிதக் கூழில் செய்து வார்னிஷ் அடித்த தலைகள். அவற்றையெல்லாம் தார்ப்பாயில் சுற்றி ஒரு மீன்பாடி வண்டியில் வைத்துச் சூரனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

யானைத்தலை விழுந்தது. தாரை தப்பட்டை. அடுத்தது சிங்கம் வர வேண்டும். வண்டிக்காரர் தார்ப்பாய்க்குள் கையை விட்டார். சிங்கத்தலை மழையில் ஊறிப் பிடரியோடு பிய்ந்து அவர் கையில் கொழகொழவென்று வந்துவிட்டது. ஒரு கண் மட்டும் வண்டியில் ஒட்டிக்கொண்டு எங்களையே பார்க்கிறது. குருக்கள் இந்தப் பக்கம் வேலோடு நிற்கிறார். முருகனைத் தூக்குகிற சீர்பாதத்துக்காரர்கள் தோள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது? சூரனை ஆட்டுகிற பெரியவர், அவசரத்துக்கு அதே யானைத்தலையைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டார்.

கூட்டம் ‘அரோகரா’ என்றது. அப்போது இஸ்திரிக்காரர் மகன், ஐந்து வயது இருக்கும், அப்பா தோள்மேல் உட்கார்ந்திருந்தவன், தெருவே கேட்கக் கத்தினான்: “யப்பா, இவன இப்பத்தானே கொன்னாங்க!”

ஒரு நொடி மழைச் சத்தம் மட்டும். பெரியவர் பொம்மைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “இது அவன் தம்பிடா” என்றார். பையன் விடவில்லை. “தம்பி சிங்கம்ல! ரெண்டாவது தம்பிதான் யானை!” தெரு குலுங்கிச் சிரித்தது. குருக்கள் வேலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெரியவர் கும்பிடு போட்டு, “ஒத்துக்குறேன் சாமி, இந்த வருஷம் சிங்கத்துக்கு உடம்பு சரியில்ல” என்றார். அதோடு சம்ஹாரம் தொடர்ந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் கேட்பது, அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. எங்கள் திண்ணையில் தாத்தா சாயங்காலம் பெரிய எழுத்துப் புத்தகத்தை விரித்துச் சத்தம் போட்டுப் படிப்பார். அவன் அப்பா எதிரில் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருப்பார். பையன் அங்கே வேட்டி மடிப்புக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டதுதான். கேட்டே தெரிந்துகொண்டான்.

யாழ்ப்பாணத்தில் இன்றும் கோயில்களில் புராண படனம் உண்டு. ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். அந்த மண்ணின் பண்பாட்டையே ‘கந்தபுராணக் கலாசாரம்’ என்றார் பண்டிதமணி கணபதிப்பிள்ளை. அவ்வளவு தூரம் ஏன்? நம் கந்தகோட்டத்து முருகனைப் பாடிய வள்ளலார், ஏழுகிணறு பக்கம் வளர்ந்தவர். அவர் அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கி. அண்ணனுக்கு உடம்பு முடியாத ஒரு நாள், தம்பி போய் உட்கார்ந்து பெரியபுராணம் சொன்னார், கூட்டம் அசந்துபோனது. சத்தம் போட்டுப் படிக்கிற வீட்டிலிருந்து வந்தவர் அவர்.

இப்போது சீகாழி. இந்திரன் ஒளிந்த அதே ஊரில் 1892-இல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் அவர் விடாமல் ஊதிய சங்குக்குக் கிடைத்த விடியல். நீங்களும் நானும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தால் வந்தது. ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு நம் காசு.

அந்தக் காசில் நடக்கிற நம் கிளை நூலகத்தில் பின்னறை ஒன்று இருக்கிறது. பூட்டியே கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: கால் உடைந்த நாற்காலிகள், கயிறு கட்டிய பழைய வாரப் பத்திரிகைகள், ஓடாத ஒரு மின்விசிறி. அதைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டுப் படிக்க விடுங்கள் என்கிறோம். கந்தபுராணம்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. சீறாப்புராணமும் படிக்கலாம், தேம்பாவணியும் படிக்கலாம், பேய்க்கதையும் படிக்கலாம். நாலு மனு கொடுத்தாகிவிட்டது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்தாவது மனு தயாராக இருக்கிறது. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம்.

அம்மா எழுந்துவிட்டார்கள். அம்மா, ஒரு நிமிஷம், முதல் கையெழுத்து நீங்கள் போட்டுவிட்டுப் போங்கள்... நன்றி, நன்றி. கைதட்டுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். திருப்போரூரைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். செந்தூரில் கடலில், பரங்குன்றத்தில் நிலத்தில், போரூரில் விண்ணில் நடந்த போர் என்பார்கள். ஓ.எம்.ஆரில் கம்பெனி வேனில் போகிறவர்கள் அந்த ஆகாயத்துக்குக் கீழேதான் தினம் போகிறார்கள். மயில், சேவல் விஷயமும் அப்படியே நிற்கிறது. அடுத்த சஷ்டிக்குக் கூப்பிட்டால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

வாசலில் மேஜைமேல் நோட்டு இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து, மூன்றே கட்டம். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறோம், போன தடவை இரண்டு பேனா போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு முதலில் சுண்டல் என்று சகோதரிகள் சொல்கிறார்கள், நான் சொல்லவில்லை.