கல்லாங்கில் ஓடியவர்தான் ஹாங்ஜோவில் ஓடினார்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் எத்தனையோ வேலை இருக்கும், அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கிறீர்கள், நன்றி. எனக்குக் கொடுத்த தலைப்பு அனைத்துலக விளையாட்டு விழாக்களின் வரலாறு. உடனே உங்கள் மனதில் ஒலிம்பிக்தான் வந்திருக்கும். நான் அதைச் சீக்கிரமே தாண்டிவிடப் போகிறேன். ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காதவர்களும், இடம் இருந்தும் அங்கே போய்ச்சேர வழியில்லாதவர்களும் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட மேடைகள்தான் இந்த வரலாற்றில் பாதிக்கு மேல், நம் சிங்கப்பூர் போன்ற சின்ன நாட்டுக்கு அந்த மேடைகள்தான் முக்கியம். இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

சரி, ஒலிம்பிக். பழைய கிரேக்கத்தில் கி.மு. 776 என்று கணக்கு சொல்வார்கள். நவீன ஒலிம்பிக்குக்கு 1894-ல் பாரிஸில் பியர் த கூபர்த்தான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆள் சேர்த்தார், 1896-ல் ஏதென்ஸில் முதல் போட்டி நடந்தது. ஓடியவர்களும் குதித்தவர்களும் ஏறத்தாழ எல்லாரும் ஐரோப்பியர், அமெரிக்கர். பெண் ஒருவர்கூட இல்லை, 1900-ல்தான் பெண்களைச் சேர்த்தார்கள். ஆசியாவில் ஒலிம்பிக் நடக்க 1964 வரை, தோக்கியோ வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் இந்தப் பக்கத்து மனிதர்கள் என்ன செய்தார்கள்? கப்பலில் வாரக்கணக்கில் பயணம் போக யாரிடம் காசு இருந்தது?

சும்மா இருக்கவில்லை. 1913-லேயே மணிலாவில் பிலிப்பீன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து தூரகிழக்கு விளையாட்டுகளைத் தொடங்கிவிட்டன. இருபது வருடத்துக்கு மேல் நடந்தது, அப்புறம் ஜப்பான் தன் பிடியில் இருந்த மஞ்சுகோ என்ற நாட்டைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்ததில் 1934-ஓடு நின்றுபோனது. 1930-ல் கனடாவின் ஹேமில்டனில் பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகள் வந்தன, இன்றைய காமன்வெல்த் விளையாட்டுகளுக்கு மூலம் அதுதான். போருக்குப் பிறகு இந்தியாவின் குரு தத் சோந்தி, ஆசியாவுக்கென்று தனியாக ஒரு விழா வேண்டும் என்று 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு வந்திருந்த ஆசிய நாட்டுக்காரர்களிடம் பேசினார். 1951 மார்ச்சில் புதுடில்லியில் அது நடந்தேவிட்டது, 11 நாடுகள், 489 வீரர்கள். அப்போது சிங்கப்பூர் பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த ஊர், தனி நாடுகூட இல்லை. ஆனாலும் நம் நியோ சுவீ கொக் நீச்சலில் 4 தங்கம் வாங்கி வந்தார். அந்த 489 பேரில் தொடங்கிய விழா, 2023-ல் ஹாங்ஜோவில் நடந்தபோது 12,000-க்கு நெருக்கமாக வந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுமார் 10,500 பேர்தான். ஆசிய விளையாட்டுகளைச் சின்ன விழா என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

1966-ல் பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளுக்கு வருகிறேன். ஆண்கள் 100 மீட்டர் ஓட்டம். முதலில் வந்தவர் மலேசியாவின் மணி ஜெகதீசன், இரண்டாவது நம் சிங்கப்பூரின் சி. குணாளன். இரண்டு பேருக்கும் 10.5 விநாடி! ஆசியாவிலேயே வேகமான இரண்டு மனிதர்கள், இரண்டு பேரும் தமிழ்ப் பெயர்க்காரர்கள், ஒருவர் டாக்டர், ஒருவர் ஆசிரியர். இரண்டு வருடம் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 விநாடியில் ஓடினார், பதக்கம் வரவில்லை. ஆனால் அந்த நேரத்தை முறியடிக்க சிங்கப்பூருக்கு 33 வருடம் ஆனது, 2001-ல் யூ.கே. ஷ்யாம் 10.37-ல் ஓடி முறியடித்தார். அது எங்கே நடந்தது தெரியுமா? ஒலிம்பிக்கில் இல்லை, கோலாலம்பூரில், தென்கிழக்காசிய விளையாட்டுகளில்.

அந்தத் தென்கிழக்காசிய விளையாட்டுகளைப் பற்றித்தான் நான் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதை இளக்காரமாகப் பார்க்கிறோம். தாய்லாந்தின் லுவாங் சுகும் நயபிரதித் போட்ட திட்டம் அது. ஆசிய அளவில் ஜப்பானோடு மோதி ஜெயிப்பது கஷ்டம், நம் அளவில் உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடி விளையாடினால் எல்லாரும் முன்னேறலாம் என்பதுதான் யோசனை. 1959 டிசம்பரில் பேங்காக்கில் 12 விளையாட்டுகளோடு தொடங்கியது. மலாயா, பர்மா, லாவோஸ், தென் வியட்நாம், தாய்லாந்து, அப்புறம் நாம். அந்த முதல் விழாவில் பளு தூக்கித் தங்கம் வென்ற நம் டான் ஹோவ் லியாங், அடுத்த வருடம் ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார், அதுதான் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இதன்மேல் குறை இல்லாமல் இல்லை. நடத்துகிற நாடு தனக்குத் தோதான விளையாட்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், அடுத்தவனுக்குத் தெரியாத விளையாட்டில் தங்கத்தை அள்ளிக்கொள்ளலாம். 2023-ல் கம்போடியாவில் 580 பிரிவுகளுக்கு மேல் போட்டி நடந்தது, இது ரொம்ப அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். பதக்கப் பட்டியலை வைத்து எந்த நாடு பெரியது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. ஆனால் அதே ஏற்பாட்டால்தான், காலால் பந்தை வலைக்கு மேல் உதைத்து ஆடும் செபாக் தக்ராவ் கிராமத்துத் திடலிலிருந்து அனைத்துலக அரங்குக்கு வந்தது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுகளில் தக்ராவும் நம் கபடியும் ஒன்றாக உள்ளே நுழைந்தன. சடுகுடு பாடி விளையாடிய ஆட்டத்துக்குத் தங்கப்பதக்கம்! அதைக் கொடுத்தது ஒலிம்பிக் இல்லை, இன்றுவரை அங்கே கபடி கிடையாது.

1973-ல் கல்லாங்கில் தேசிய விளையாட்டரங்கம் புதுசாகத் திறந்த அதே வருடம், தென்கிழக்காசிய விழாவை முதல்முறையாக நாம் நடத்தினோம். பெண்கள் 200 மீட்டரில் குளோரி பர்னபாஸ், அவரும் ஒரு ஆசிரியர், பர்மாவின் வீராங்கனையோடு ஒட்டிக்கொண்டே கோட்டைத் தொட்டார். யார் முந்தியது என்று படம் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. தங்கம் குளோரிக்கு. அப்புறம் அதே ஓட்டத்தில் தங்கம் வர 42 வருடம்! 2015-ல், அதே கல்லாங்கில் எழுந்த புது அரங்கத்தில், 18 வயது சாந்தி பெரேரா 23.60 விநாடியில் ஓடி முதலில் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். கடைசி ஐம்பது மீட்டரில் பக்கத்தில் இருந்தவர் யார் எவர் என்று தெரியாமலே எல்லாரும் எழுந்து கத்தினோம், என் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு சாந்திக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. சில வருடம் நேரம் குறையவே இல்லை, 2019-ல் அதே ஓட்டத்தில் வெண்கலம்தான். இங்கேதான் கவனியுங்கள், அவருக்குத் திரும்பத் திரும்ப ஓட ஒரு மேடை இருந்தது. 2022-ல் ஹனோயில் மறுபடி தங்கம், 2023-ல் கம்போடியாவில் 100-ம் 200-ம், அதே வருடம் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம். திடல்தடத்தில், அதாவது ஓட்டம், தாண்டுதல், எறிதல் போட்டிகளில், சிங்கப்பூருக்கு 1974-க்குப் பிறகு கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. ஒலிம்பிக் மட்டும்தான் விளையாட்டு என்று நாம் இருந்திருந்தால், அந்தப் பெண் 2019-லேயே ஷூவைக் கழற்றி வைத்திருக்க வேண்டியதுதான்.

அரசியல் புகுந்த கதைகளும் உண்டு, நேரமில்லை, ஒன்று மட்டும். 1962 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுகளில் இஸ்ரேலையும் தைவானையும் விடவில்லை என்று ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவைத் தள்ளிவைத்தது. அந்நாட்டு அதிபர் சுகர்னோ மறு வருடமே புதிதாக எழும் நாடுகளுக்கென்று தனி விழா நடத்திவிட்டார். அது நீடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என் மனதைத் தொட்ட தொடக்கம் இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். டாக்டர் லுட்விக் குட்மன், போரில் முதுகெலும்பு அடிபட்ட 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அம்பு விடும் போட்டி நடத்தினார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக் ஆனது. நம் நீச்சல் வீராங்கனை இப் பின் சியூ அதில் 7 தங்கம் வென்றிருக்கிறார், சிங்கப்பூரில் வேறு யாருக்கும் அந்தக் கணக்கு இல்லை. சேலத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், தோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று முறை தாண்டிக் காட்டினார். ஆனால் ஒலிம்பிக் தங்கத்துக்கு இங்கே ஒரு மில்லியன் சிங்கப்பூர் டாலர் பரிசு, ரியோவில் பின் சியூ வென்றபோது பாராலிம்பிக் தங்கம் ஒன்றுக்கு 200,000 டாலர்தான். பிறகு உயர்த்தினார்கள், இன்னும் சமமாகவில்லை. அது சமமாக வேண்டும், நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

2029-ல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் மறுபடி நம் ஊருக்கு வருகின்றன. இறுதிச்சுற்றுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். நீங்கள் வேலைநாள் காலையில் நடக்கும் தகுதிச்சுற்றுகளுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஓடுகிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கத்துங்கள், அது அவர்களுக்குக் கேட்கும். என் நேரம் முடிந்தது, இப்போது நீங்கள் கேளுங்கள்.