ஐந்து அங்குலமா, மூன்றரை அங்குலமா?

(டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் தமிழன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வணக்கம். சுடுதளத்தில் தாளைக் குறிபார்த்துச் சுடுவதற்கு ‘1911’ கைத்துப்பாக்கியின் எந்த அளவை வாங்குவது என்பதே இன்றைய பேச்சு.

சென்ற மாதம் சுடுதளத்தில் என்னருகே நின்ற ஒரு தம்பி, புதிதாக உரிமம் பெற்ற தம் கைத்துப்பாக்கியை நீட்டியபோது, அவருடைய சுண்டு விரல் எதையும் பற்றாமல் பிடிக்குக் கீழே தொங்குவதைக் கண்டேன். ஒவ்வொரு வெடிக்கும் பிடி உள்ளங்கையில் புரண்டது. அடுத்த வெடிக்கு முன் கையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பத்து மீட்டரில் இருந்த தாளில் ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குப் பரவிக் கிடந்தன. குறை அவர் கண்ணில் இல்லை. அவர் வாங்கியிருந்த சிறிய அளவு சுடுதளத்துக்காக உருவானது அல்ல. முதலில் சிறியதையே வாங்கியவன் என்பதால், அந்த முகவாட்டம் எனக்கு நன்கு தெரியும்.

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட, அந்த ஆண்டின் பெயராலேயே ‘1911’ எனப்படும் கைத்துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுகிறேன். அதன் குழல் ஐந்து அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர். தோட்டா இல்லாமலே எடை ஏறத்தாழ 1.1 கிலோ. பின்னர், அதைச் செய்துவந்த கோல்ட் நிறுவனம் நாலே கால் அங்குலக் குழலோடு ‘கமாண்டர்’ என்ற அளவையும், 1985இல் மூன்றரை அங்குலக் குழலோடும் குட்டைப் பிடியோடும் ‘ஆபீசர்ஸ்’ என்ற அளவையும் கொண்டுவந்தது. பின்வந்த இரண்டும் இடுப்பில் சுமப்பவரின் வசதிக்காகக் குறுக்கப்பட்டவை என்பதை மறந்துவிட்டு அளவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

குழல் நீளம் என்றதும் பலர் குண்டின் வேகத்தைப் பேசுகிறார்கள். தாளில் ஓட்டை போடுவதற்கு அந்த வேறுபாடு பொருட்டே அல்ல. பொருட்படுத்த வேண்டியது, குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம். பெரிய அளவில் அது ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். மூன்றரை அங்குலத்தில் 127 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், 25 மீட்டர் தொலைவில் பெரிய துப்பாக்கியின் குண்டு சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப் படும். சிறியதன் குண்டு 20 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிப் படும். கை நடுக்கம் ஒன்றேதான். சிறிய துப்பாக்கி அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

அடுத்தது எடை. கமாண்டர் முதலில் அலுமினியச் சட்டத்தோடுதான் (பிடியும் விசையும் அமைந்த அடிப்பகுதியோடுதான்) வந்தது. எடை முக்கால் கிலோ அளவே. சட்டைக்குள் மறைத்துச் சுமப்பவருக்கு அது வரம். ஆனால் ஒரே நின்ற நிலையில் நூறு தோட்டாக்களைச் சுடும்போது, .45 அங்குலத் தோட்டாவின் உதைப்பு முழுவதையும் மணிக்கட்டு வாங்கிக்கொள்கிறது. ஐம்பதைத் தாண்டியதும், வெடிக்கும் முன்பே விரல் பதறி விசையைப் பிடுங்கத் தொடங்குகிறது. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதறுவதற்கு மாதங்கள் ஆகின்றன. எஃகுச் சட்டமுள்ள ஐந்து அங்குலம் உதைப்பை மெல்லத் தள்ளுதலாக மாற்றித் தருகிறது. அதையே 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வாங்கினால் உதைப்பும் குறைவு, தோட்டாச் செலவும் குறைவு. புதிதாகத் தொடங்கும் தாய்மார்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான்.

குழலைக் குறுக்கினால் ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஓடித் திரும்பும் மேற்பகுதி, ஓடும் தூரமும் குறைகிறது. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா மேலெழக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது; அதை ஈடுகட்டக் கடினமான சுருள்வில் வேண்டியிருக்கிறது; அந்த வில்லை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருக்கிறது. பிடி சற்றுத் தளர்ந்தால்கூடச் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் சிறிய அளவே.

முழுப் பிடியும் எஃகுச் சட்டமும் கொண்ட கமாண்டரை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். பெரிதின் முன்கனம் தாங்காமல் கை தாழ்பவர்களுக்கு அது மிகவும் பொருந்துகிறது.

நம் தென்னாப்பிரிக்காவில் இந்தத் தேர்வை எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தகுதிச் சான்றிதழ் பெற்ற பிறகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம் வேண்டும். ‘இது சரிப்படவில்லை, வேறு கொடுங்கள்’ என்று கடையில் நிற்க இயலாது. ஆனால் உரிமம் உள்ளவர் தம் நேரடி மேற்பார்வையில், பாதுகாப்பான முறையில், இன்னொருவரைச் சுட அனுமதிப்பதற்கு அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே வாங்கும் முன் சுடுதளத்துக்கு வாருங்கள். மூன்று அளவுகளையும் வைத்திருக்கும் அண்ணன்மார் மறுக்கமாட்டார்கள். பதினைந்து மீட்டரில் மூன்று தாள்களை மாட்டி, ஒவ்வொன்றிலும் இருபது தோட்டாக்களைச் சுட்டு, முதல் ஐந்தின் ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டமும், கடைசி ஐந்தின் ஓட்டைகளைச் சுற்றி இன்னொரு வட்டமும் போடுங்கள். எந்தத் துப்பாக்கியின் இரண்டாம் வட்டம் விரியாமல் இருக்கிறதோ, அதற்கு விண்ணப்பம் எழுதுங்கள்.