லயத்து வாசலில் தேனீக்குச் சாப்பாடு

அம்மாமாரே, அண்ணன்மாரே, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இந்த மண்டபத்து வாசலில் நின்றால் நாலு பக்கமும் பச்சை. ஆனால் அந்தப் பச்சையில் தேனீக்குச் சாப்பாடு குறைவு. தேயிலையும் பூக்கும் செடிதான். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். கொழுந்து கிள்ளி, கவ்வாத்து வெட்டி, அதை நாம் பூக்க விடுவதில்லை. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரயில் தேயிலைத் தோட்டம் போடுவதற்கு முன்பு மலைநாடெங்கும் கோப்பி. அது பூத்தால் மலையே வெளுத்துக் கிடக்கும். அந்தப் பூவும் போய்விட்டது. இன்றைக்குத் தேனீக்கு மிச்சம் காட்டோரமும், டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரங்களும், நாம் வரிசை வீடாகக் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் நாம் கொத்திப் போட்ட துண்டு நிலமும்தான்.

அந்தத் துண்டில் பூசணி போட்டிருப்பீர்கள். பிஞ்சு பெருவிரல் அளவு வந்து மஞ்சளாகி விழுந்தால், உரம் போதவில்லை என்று இன்னொரு பிடி யூரியா போடுகிறோம். பூவைப் பாருங்கள். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில்தான் பிஞ்சு இருக்கும். விடியற்காலை விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ மகரந்தம் கொண்டுவராவிட்டால் பிஞ்சு நிற்காது. சௌசௌவுக்கும் இதே பாடுதான்.

தக்காளிப் பூவில் மகரந்தம் பைக்குள் அடைபட்டிருக்கும். வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். கிட்டப் போனால் 'ர்ர்' என்று கேட்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலக்கோட்டுத் தேனீ கூட்டமாக வாழாது, மண்ணில் துளை போட்டுக் குடியிருக்கும். அதனால் முற்றம் முழுக்கச் சிமெந்து பூசாதீர்கள். ஒரு மூலை வெறும் மண்ணாகக் கிடக்கட்டும்.

குளவி கொட்டி உயிர் போன வீடுகள் மலையகத்தில் உண்டு. அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அப்படிக் கூட்டமாக வந்து கொட்டுவது பெரும்பாலும் உயர்ந்த மரத்திலும் பாறையிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ. கூடு கலைந்தால்தான் அது சீறும். முற்றத்துத் துளசியில் அது கூடு கட்டாது. கொழுந்து பறிக்கும் மலையில் கூடு இருந்தால் பாதுகாப்புத் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. அதையும் கேட்போம், பூச்செடியும் நடுவோம்.

துளசி, கொத்தமல்லி, சூரியகாந்தி நடுங்கள். முள்ளங்கியில் இரண்டைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். வேலிக்குக் கிளிசரிடியா. அடுக்கு இதழ்ப் பூ கண்ணுக்கு அழகு, தேனீக்கு அதில் கிடைப்பது சொற்பம். ஒற்றை இதழே நல்லது. ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்க வேண்டும். மருந்து அடித்தே ஆகவேண்டுமானால் பூத்த செடியை விட்டுவிட்டு, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள்.

தேன்பெட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. முதலில் ஒரு வருஷம் முற்றம் பூக்கட்டும், பிறகு போய்க் கேளுங்கள்.