பேரே தெரியாத ஆளுக்கு சிபாரிசுக் கடிதம்! போர் முடிஞ்சதும் பிராங்க்ளினுக்கு வந்த தபால்

[திரையில்: நூறு டாலர் நோட்டு]

“இந்தக் கடிதத்தோட வர்றவரு அமெரிக்கா போறாராம். சிபாரிசு வேணும்னு என்னை விடாம நச்சரிக்கிறாரு. இவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பேருகூடத் தெரியாது. இவரு குணம் எப்படின்னு இவரையே கேட்டுக்குங்க, என்னைவிட இவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

நம்ம பேச்சுல சொல்லியிருக்கேன், ஆனா விஷயம் இதேதான். 1777ல இப்படி ஒரு மாதிரிக் கடிதமே எழுதி வச்சவரு, இந்த நோட்டுல இருக்குற பெஞ்சமின் பிராங்க்ளின், அமெரிக்க விடுதலைத் தலைவர்கள்ல ஒருத்தர். தெரியாத ஒருத்தரு தெரியாத இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து சிபாரிசு பண்றாரு, சில சமயம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சிபாரிசு பண்ணிக்கிறாங்கன்னு அதுலயே புலம்பியிருக்காரு.

வணக்கம் நண்பர்களே! பின்னணியை வேகமா முடிச்சிடுறேன். இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்கா சண்டை போடுது. ஆதரவு தேடி பிரான்ஸ் போன பிராங்க்ளின், பாரிஸ் பக்கத்துல பாஸீங்கிற ஊர்ல தங்குறாரு. 1783 செப்டம்பர் 3, பாரிஸ்ல ஒப்பந்தம் கையெழுத்தாகுது. போர் முடிஞ்சது. அவருக்கு அப்போ 77 வயசு, சிறுநீர்ப்பைக் கல்லு வேற.

அப்பாடான்னு உக்கார முடிஞ்சதா? அவரு வீடு எம்.எல்.ஏ. வீட்டு வாசல் மாதிரி ஆயிடுச்சு. எங்க ஊருத் துறைமுகத்துக்கு என்னையே அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதியாப் போடுங்கன்னு ஐரோப்பா முழுக்க இருந்து வியாபாரிங்க எழுதுறாங்க. போப்பாண்டவரோட தூதர்கூட, ஒப்பந்தம் கையெழுத்தாகுறதுக்கு முன்னாடியே 1783 ஜூலையில, அமெரிக்காவுல கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தலைமை ஏற்படுத்துறது பத்திக் கேக்குறாரு. அது ஆன்மிக விஷயம், எங்க அதிகாரத்துல வராதுன்னு அமெரிக்கக் காங்கிரஸ் கைகழுவிடுச்சு.

ஆனா எனக்குப் பிடிச்ச கூட்டம், அமெரிக்காவுல குடியேற ஆசைப்பட்டவங்க. அங்க போனா அரசாங்கமே கப்பல் செலவு குடுக்கும், சும்மாவே நிலம் குடுக்கும், வேலை செய்ய அடிமைகள், விவசாயக் கருவி, மாடு கன்னு எல்லாம் குடுக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க! (விடுதலைக்குப் போராடின நாட்டுக்கிட்ட போய் அடிமை கேக்குறாங்க. அங்க அடிமை முறை இருந்ததும் உண்மைதான். அந்த முரண்பாட்டுக்குத் தனி வீடியோவே போடணும்.)

ஒவ்வொருத்தருக்கா எவ்வளவுதான் பதில் எழுதுவாரு? அடிப்படையில மனுஷன் அச்சுத் தொழில்காரரு இல்லையா? பாஸீ வீட்டுலயே சொந்த அச்சகம் வச்சிருந்தாரு. 1784ல ஒரு சின்னப் பிரசுரமா அடிச்சுட்டாரு. அதுல ஒரு இடம் இருக்கு பாருங்க... அமெரிக்காவுல தெருவுக்கு ரொட்டியால தளம் போடல, வீட்டுக் கூரையில பணியாரம் வேயல, சுட்ட கோழி தானாப் பறந்து வந்து “என்னைத் தின்னு, வா!”ன்னு கூப்பிடாது! பணியாரம் மட்டும் நான் மாத்தினது, அவரு எழுதினது பான்கேக். கோழி அக்மார்க் அவரோடது.

பரம்பரைப் பெருமை பேசுறவங்களுக்கும் அதுலயே குட்டு. அங்க உன்னை “நீ யாரு?”ன்னு கேக்க மாட்டாங்க, “உனக்கு என்ன செய்யத் தெரியும்?”னுதான் கேப்பாங்களாம். சிரிக்க வச்சுக்கிட்டே வாசலைச் சாத்துறதுல இவரை மிஞ்ச ஆளில்லைங்கிறது என் கட்சி. இதுக்காவது ஒரு லைக் போடுங்க!

[இசை நிற்கிறது]

ஆனா 1784 ஜூலை 22 தேதி போட்டு லண்டன்ல இருந்து வந்த கடிதத்துக்கு அவரால சிரிக்க முடியல. எழுதினது சொந்த மகன், வில்லியம். நியூ ஜெர்சி ஆளுநரா இருந்தவரு, போர்ல இங்கிலாந்து அரசர் பக்கமே நின்னாரு. புரட்சிக்காரங்க பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க, உள்ள இருக்கும்போதே மனைவி செத்துப்போனாங்க. இப்போ அப்பாவோட பழைய பாசம் திரும்பணும்னு எழுதுறாரு. ஆனா பாருங்க, செஞ்சது தப்புன்னு மட்டும் எழுதல. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பொறந்திருக்கான்!

ஆகஸ்ட் 16ல பதில். வயசான காலத்துல ஒரே மகன் கைவிட்டதைவிட என்னை வேதனைப்படுத்தினது வேற எதுவும் இல்ல. கைவிட்டதோட நிக்காம எனக்கு எதிரா ஆயுதமும் எடுத்தியேன்னு கேக்குறாரு. அப்புறம் “இது சங்கடமான பேச்சு, விட்டுடறேன்”னு முடிக்கிறாரு. விட்டாரா? 1785ல ஊர் திரும்புற வழியில சவுதாம்ப்டன்ல மகனைப் பாத்தாரு. மகனோட நியூ ஜெர்சி நிலத்தை, மகன் வாங்கின விலையைவிடக் கம்மிக்கு, பேரன் (வில்லியமோட மகன்) பேருக்கு எழுதி வாங்கினாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சந்திக்கவே இல்ல.

உயில்ல மகனுக்கு என்ன வச்சாரு தெரியுமா? இன்னிக்குக் கனடாவுல இருக்குற நோவா ஸ்கோஷியாவுல தனக்கிருந்த நிலம், அதாவது இங்கிலாந்து கையிலயே இருந்த இடம். ஏற்கெனவே மகன்கிட்ட இருந்த புத்தகம், காகிதம். மகன் தனக்குத் தர வேண்டிய கடன் தள்ளுபடி. அவ்வளவுதான்.

ஊரு உலகத்துக்கே சமாதானம் பேசினவரு, இங்கிலாந்துல இருந்த பழைய நண்பர் ஸ்ட்ராஹனோட மறுபடி கடிதப் போக்குவரத்து வச்சுக்கிட்டவரு, மகன்கிட்ட மட்டும் இவ்வளவு கறார். எனக்கென்னவோ இது ரொம்ப ஓவர்னுதான் படுது. “இல்ல, அந்த மகனுக்கு இது போதும்”னு சொல்றவங்க கமெண்ட்ல வாங்க, சண்டை போடலாம்.