கிடங்கில் பிறந்த ஹவுஸ் இசை

நேயர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளின் தொடக்கம். அமெரிக்காவின் சிகாகோ நகரத் தென்பகுதியில், நடன கிளப்புகளில் இசைத்தட்டு போடும் டீஜே பிரான்கி நக்கிள்ஸ் நண்பர் ஒருவருடன் காரில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு மதுக்கடையின் சன்னலில் 'இங்கே ஹவுஸ் மியூசிக் போடுகிறோம்' என்று எழுதியிருக்கிறது. அது என்ன இசை என்று கேட்கிறார். நீ உன் வேர்ஹவுஸ் கிளப்பில் போடுகிறாயே, அந்த ஆட்ட இசைதான் என்கிறார் நண்பர். தான் போடும் இசைக்கு ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டது அவருக்கே தெரியாது. ஹவுஸ் என்றால் வீடு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வேர்ஹவுஸ், அதாவது கிடங்கு என்ற சொல்லின் பின்பாதி அது.

பிரான்கி 1955-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். நண்பர் லாரி லெவனும் அவரும் அந்த ஊர் கிளப்புகளில் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் சிகாகோவில் தான் தொடங்கும் கிளப்புக்கு முதலில் லாரியைத்தான் கூப்பிட்டார். லாரி வர மறுத்ததால், 1977-இல் பிரான்கி போனார். தெற்கு ஜெஃபர்சன் தெரு, 206-ஆம் எண் கட்டடம். அதுதான் வேர்ஹவுஸ்.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், பால்புதுமையினர். நகரத்தின் சில கே பார்களில் கறுப்பர்களிடம் மட்டும் இரண்டு மூன்று அடையாள அட்டை கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். வீட்டிலும் சொல்ல முடியாது, தெருவிலும் கைகோத்து நடக்க முடியாது. அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு பகல்வரை ஓர் இடம் கிடைத்தது. அங்கே மது கிடையாது, பழச்சாறும் தண்ணீரும்தான். சில இரவுகளில் பிரான்கி விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ரயில் விரைந்து வரும் ஓசை பதிந்த இசைத்தட்டைப் போடுவாராம். கும்மிருட்டில், ஒரு ரயில் அந்தக் கூடத்தையே ஊடுருவிப் போவதுபோல் இருக்குமாம். அந்தக் கூட்டத்தில் நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில், கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. எழுபதுகளின் ஆட்ட இசையான டிஸ்கோவைத்தான் பிரான்கியும் போட்டுவந்தார். அது யாருடைய இசை? கறுப்பர்களும் லத்தீன் மக்களும் தன்பாலீர்ப்பாளர்களும் வளர்த்த இசை. அன்று எரிந்தது வெறும் பிளாஸ்டிக் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம் இசை நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. புதிய தட்டுகள் குறைந்தன. ஆனால் சனிக்கிழமை வந்தால் ஆட ஆட்கள் வருவார்களே! பிரான்கி பழைய பாட்டுகளை ஸ்பூல் டேப்பில் ஏற்றி, வெட்டி ஒட்டத் தொடங்கினார். பாட்டில் எந்த இடத்தில் கூட்டத்தின் கால்கள் துள்ளுகின்றனவோ, அந்த இடத்தை மட்டும் நீட்டுவார். நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு முடியாமல் ஓடும். ஹவுஸின் அடிப்படையே அந்த நீட்டல்தான் என்பேன். ஆடுகிறவர்களின் முகம் பார்த்துக் கற்ற வித்தை அது.

1982-இன் இறுதியில் வேர்ஹவுஸை விட்டு வெளியேறி, 'பவர் பிளான்ட்' என்ற சொந்த கிளப்பைத் தொடங்கினார். அந்நாளில்தான் டெட்ராய்ட் இளைஞர் டெரிக் மேயிடமிருந்து ரோலண்ட் 909 என்ற ட்ரம் மெஷினை, அதாவது தாளம் எழுப்பும் மின்னணுக் கருவியை வாங்கினார். டும், டும், டும், டும் என்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 தாள அடி; பழைய பாட்டுக்கு அடியில் அது இடைவிடாமல் ஒலிக்கும். சிகாகோ இளைஞர்கள் அதைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே பாட்டு செய்ய ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அடி லண்டனை எட்டியது.

எய்ட்ஸ் அந்தத் தலைமுறையில் பலரைக் கொண்டுபோனது. 1992-இல் லாரி லெவனும் இதயக் கோளாறால் இறந்தார். பிரான்கி தொடர்ந்து வாசித்தார். பாட்டுகளை மாற்றி அமைக்கும் சிறந்த ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது அவருக்கே கிடைத்தது. 2004-இல் ஜெஃபர்சன் தெருவின் அந்தப் பகுதிக்குச் சிகாகோ அவர் பெயரைச் சூட்டியது. நீரிழிவின் பாதிப்பால் 2008-இல் ஒரு பாதத்தை இழந்த பிறகும் மேடை ஏறினார். 2014 மார்ச் 31 அன்று காலமானார்.

அந்தக் கட்டடத்தை 2023-இல் நகரச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அவர் சேர்த்த இசைத்தட்டுகள் சிகாகோவின் தென்பகுதியிலேயே, ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இயங்கும் கலை மையத்தில் இருக்கின்றன. மதுக்கடை சன்னலில் தன் இசையின் பெயரை அவர் முதன்முதலில் பார்த்ததும் அதே தென்பகுதியில்தான்.