செருப்பு தேயாமல் வீடு வாங்காதீர்கள்! நாகர்கோவிலில் நடந்தே வாழ எந்தத் தெரு?

(காட்சி: விடியற்காலை. பைக் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம். ஒரு கையில் காலிப் பை.)

வணக்கம் மக்களே. சிவராத்திரி வந்தால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன நடக்கும்? கையில் விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்களையும் ஓடியே முடிப்பார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்படி ஓடி முடித்த அதே ஆள், அடுத்த வாரம் அரை லிட்டர் பால் வாங்கப் பைக்கை உதைக்கிறார். காலில் கோளாறா? ஒரு கோளாறும் இல்லை. அவர் வீடு வாங்கிய இடம் அப்படி.

என் மாமா கதையைக் கேளுங்கள். மஸ்கட்டில் 22 வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஆறு சென்ட், புது வீடு, முன்னால் இரண்டு கார் நிற்கும் இடம். "ஜங்ஷனுக்கு அஞ்சே நிமிஷம் சார்" என்றார் புரோக்கர். பொய் சொல்லவில்லை. காரில், விடியற்காலை நாலரை மணிக்கு. குடிவந்த மூன்றாம் நாள் அத்தை ரசத்தை இறக்கப் போகும்போது மல்லியிலை இல்லை. போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். பத்து ரூபாய் மல்லியிலைக்கு எட்டுக் கிலோமீட்டர்! இப்போது மொட்டை மாடியில் குரோ பேக்கில் மல்லி வளர்க்கிறார். வீடு வாங்கும்போது "மயில் வந்து ஆடுற இடம் மாப்ளே" என்று பெருமையாகச் சொன்னாரே, அந்த மயில்தான் இப்போது மல்லியைக் கொத்துகிறது.

சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி வீடு தேடுகிறவர்களுக்காக இந்த வீடியோ. உள்ளூரில் கூடச் சொந்தக்காரர் யாராவது அட்வான்ஸ் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தால் உடனே அனுப்பி வையுங்கள். சப்ஸ்கிரைப் செய்வதற்கு நடக்கக்கூட வேண்டாம், கட்டைவிரல் போதும்.

தியரியை வேகமாக முடித்துவிடுகிறேன். கார்லோஸ் மோரேனோ என்ற பேராசிரியர் "15 நிமிட நகரம்" என்றார். கடை, பள்ளி, மருத்துவர் எல்லாமே கால் மணி நேர நடையிலோ சைக்கிளிலோ கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்போது பாரிஸ் மேயராக இருந்த ஆன் இதால்கோ 2020 தேர்தலில் அதையே பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் விலாசத்தைப் போட்டால் அந்த இடத்தின் நடைவசதிக்கு நூற்றுக்கு மார்க் போடும் "வாக் ஸ்கோர்" 2007 முதல் இருக்கிறது. 400 மீட்டர் என்றால் 5 நிமிட நடை. அவ்வளவுதான். பாரிஸ் இருக்கட்டும், நாம் நாகர்கோவில் பார்வதிபுரத்துக்கு வருவோம். அதற்கும் முன்னால் பத்மநாபபுரம்.

(காட்சி: கோட்டைச் சுவர், கருங்கல். சுவரை ஒட்டி ஒரு ஆடு.)

எடிட் செய்யும் தம்பி இந்தப் பகுதியை வெட்டச் சொன்னான். வெட்டமாட்டேன். எனக்குப் பிடித்ததே இதுதான்.

பத்மநாபபுரம் என்றதும் எல்லாரும் அரண்மனைக்குப் போய், தரையில் முகம் பார்த்து, போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அரண்மனை கிட்டத்தட்ட 6 ஏக்கர்தான். அதைச் சுற்றி ஒரு முழு ஊரே கோட்டைக்குள் இருக்கிறது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். கல்குளம் என்பது அதன் பழைய பெயர். கோட்டைச் சுவர் சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர், உள்ளே ஏறக்குறைய 185 ஏக்கர். இப்போது கணக்குப் போடுங்கள். 185 ஏக்கர் என்றால் முக்கால் சதுர கிலோமீட்டர். நடுவில் நின்றால் எந்தப் பக்கத்துச் சுவருக்கும் அரைக் கிலோமீட்டர் போல வரும். ஆறேழு நிமிஷம்! ஒரு ராஜ்யத்தின் தலைநகரம் முழுவதையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நான் நடந்து பார்த்தேன். 13 நிமிஷம் ஆனது. நடுவில் ஒரு கடையில் நன்னாரி சர்பத் குடித்த நேரத்தைக் கழித்துவிட்டேன்.

ராஜாவுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கெழுதுகிறவர், சமைக்கிறவர், பூக்கட்டுகிறவர், காவல்காரர் எல்லாரும் காலையில் நடந்தே வேலைக்கு வரவேண்டும். ஊரை அகலமாக்கினால் சுவரையும் நீட்ட வேண்டும். கருங்கல்லும் காவலும் சும்மா வருமா? அதனால் கோயில், குளம், தெரு, அரண்மனை எல்லாம் நெருக்கி வைத்தார்கள். சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் ஒன்றான நீலகண்டசுவாமி கோயிலும் அதன் தெப்பக்குளமும் இதற்குள்தான். இன்றைக்கு லேஅவுட் போடுகிறவருக்குச் சுவர் செலவு கிடையாது. அவர் எவ்வளவு தூரம் தள்ளிப் போட்டாலும் தினமும் அந்தச் செலவு பெட்ரோலாக நம் தலையில் விழுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் அரண்மனையை இன்றும் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கேரளாவில் எடுத்து, வெளியே வந்து டீ தமிழ்நாட்டில் குடிக்கலாம். நடந்தே மாநிலம் தாண்டும் வசதி பாரிஸில் உண்டா?

நடக்கிறவனை மனதில் வைத்துக் கட்டியது கோட்டைக்கு வெளியேயும் உண்டு. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கி பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையை யார் கையும் பிடிக்காமல் இறக்கி வைக்கிற உயரம். வெட்டூர்ணிமடம் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, மடம் என்றால் வழிநடைக்காரர் தங்கும் இடம். இப்போது அங்கே ரோட்டைக் கடந்து பாருங்கள், தங்கித்தான் ஆகவேண்டும்.

சரி, பழசெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. இதே மாவட்டத்தில் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்டு 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்றார். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல்தான். தெருவில் நடப்பதற்கே சண்டை போட்ட ஊர் இது. அதனால், வீடு காட்டும்போது "நீங்க எந்த ஆளு" என்று யாராவது சுற்றிவளைத்துக் கேட்டால், அந்தத் தெருவில் எவ்வளவு நிழல் இருந்தாலும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

(காட்சி: நாகர்கோவில், மணிமேடை. காலை 9 மணி நெரிசல்.)

இனி நாகர்கோவில். நடந்தே வாழவேண்டும் என்றால் என் தேர்வு, பைக் வருவதற்கு முன்பே உருவான பகுதிகள்தான். வடசேரியில் வெளியூர் பஸ் ஸ்டாண்டும் கனகமூலம் சந்தையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கோட்டாறில் ரயில் நிலையம், சவேரியார் பேராலயம், கடைவீதி. வடிவீஸ்வரத்தில் அழகம்மன் கோயில் தெருக்கள், எட்டிப் பார்த்தால் மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டு. மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் வடிவீஸ்வரம் என்பேன். கோட்டாறுக்காரர்கள் கமெண்டில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

வடிவீஸ்வரம் பக்கம் ஒரு முடுக்கில், அதாவது குறுகலான சந்தில், நுழைந்தேன். இரண்டு பக்கமும் பழைய சுவர், ஒரு பக்கம் ஈரத்தில் பாசி. எதிரே சைக்கிள் வந்தது, நான் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு சன்னலுக்குள் தேங்காயெண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம், வாசற்படியில் ஒரு ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "யாரு வீட்டுக்கு மக்கா?" என்றார். "சும்மா நடக்கேன் ஆச்சி" என்றேன். நம்பவில்லை. 90 எட்டு வைத்ததும் கடைத்தெருவில் இறங்கிவிட்டேன். அதே இடத்துக்குப் போன் மேப் 700 மீட்டர் சுற்றுவழி காட்டியது. முடுக்கு மேப்பில் ஏறுவதில்லை, புரோக்கர் வாயிலும் வருவதில்லை. கார் போகாத வழி அவருக்கு வழியே இல்லை. "யாரு வீட்டுக்கு" என்று கேட்க ஒரு ஆச்சி உட்கார்ந்திருக்கும் முடுக்கில் கேமராவும் தேவையில்லை.

ஆனால் விலை உண்டு. பல தெருக்களில் கார் உள்ளே வராது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும். நாலு தலைமுறை பாகப்பிரிவினை முடியாத வீடுகள் உண்டு. மூலப் பத்திரம் 1956க்கு முந்தையது என்றால் மலையாளத்தில்கூட இருக்கலாம். படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள், பட்டா, வில்லங்கம் இரண்டையும் பாருங்கள். அது தனி வீடியோ.

மார்த்தாண்டம்? மேம்பாலம் மேலே, கூட்டம் கீழே, மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி என்றால் யோசிக்கலாம். கன்னியாகுமரி டவுனில் நடக்கலாம்தான், சபரிமலை சீசன் தவிர.

(காட்சி: மழை. குடையோடு தொகுப்பாளர்.)

மற்ற ஊர் வீடியோக்களில் இல்லாத ஒரு விஷயம், மழை. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபருக்குப் பிறகும் மழை, இரண்டு பருவமும் உண்டு. அதனால் இடத்தின் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். "விளை" என்று முடிந்தால் பெரும்பாலும் மேட்டுத் தோட்ட நிலம், தென்னையும் பலாவும் நின்ற இடம். குளம், கால், பற்று என்று வந்தால் பழைய தண்ணீர்ப் பாதை பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. நேற்றுவரை வயலாக இருந்து இன்று செம்மண் தட்டி "நகர்" என்று போர்டு வைத்த இடமா என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார்கள். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

அப்புறம் ஓடை. நம்ம ஊரில் நடைபாதை என்பதே பல இடங்களில் ஓடைமேல் போட்ட ஸ்லாப்தான். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதியில் தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் என்று இருக்கிறது. டேப் எடுத்துப் போக வெட்கமாக இருந்தால் என் குடைக் கணக்கு போதும். குடை பிடித்த இரண்டு பேர் எதிரெதிரே வந்து, ஒருவர் கம்பி இன்னொருவர் கண்ணில் படாமல் கடந்தால் அது நடைபாதை. இல்லையென்றால் அது ஸ்லாப். அதிலும் நடுவில் ஒரு ஸ்லாப் ஆடும். அதை மிதித்தால் "டக்" என்று ஒரு சத்தம், முழங்கால் வரை சகதி. மழைக்கு மறுநாள் வெள்ளை வேட்டியோடு போய் நடந்து பாருங்கள்.

அம்மாவையும் கூட்டிப் போங்கள். சிக்னல் வைக்கிறவர்கள் வழக்கமாக ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்கு வைக்கிறார்கள். 14 மீட்டர் ரோட்டை அப்படி 12 நொடியில் தாண்டலாம். என் அம்மாவை வைத்துப் பார்த்தேன். 19 நொடி. அதில் 3 நொடி பஸ்காரரை முறைத்தது. நடுவில் இப்படி ஒரு ரோடு இருந்தால், கோயில் 200 மீட்டரில் இருந்தாலும் அம்மாவுக்கு அது ஆட்டோ தூரம்தான். இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

இரவு எட்டரைக்கு ஒருமுறை போங்கள். நீங்கள் ஆண் என்றால் உங்கள் கருத்து எனக்கு வேண்டாம், வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு எரிகிறது, எந்த வளைவில் பையன்கள் பைக்கைச் சாய்த்து நிற்கிறார்கள், எந்த வாசலில் நாய் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரே நடையில் சொல்லிவிடுவார்கள். என் தங்கை ஒரு அருமையான வீட்டை இப்படித்தான் நாய்க்காக வேண்டாம் என்றாள். எனக்கு இன்னும் வருத்தம், அவளுக்கு இல்லை.

கார்காரர்கள் கோபப்பட வேண்டாம். தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர், வீட்டுக்குப் பின்னால் பத்து வாழையும் ஒரு மாடும் வேண்டும் என்கிறவர் தள்ளித்தான் வாங்கவேண்டும், வாங்கட்டும். 60 வயதில் ஊர் திரும்பி 80 வரை அங்கேயே இருக்கப் போகிறவர்தான் யோசிக்கவேண்டும். 60இல் ஓட்டுகிற காரை 78இல் யார் ஓட்டுவது? என் மாமாவிடம் கேட்டேன். "டிரைவர் போட்டுக்கலாம்" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "அந்த டிரைவரையே மல்லியிலை வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

உங்களுக்கு ஒரு வேலை. இந்த வீடியோ முடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டு நடையிலிருந்து பக்கத்து டீக்கடை வரை எத்தனை எட்டு என்று எண்ணிக் கமெண்டில் போடுங்கள். கிலோமீட்டர் வேண்டாம், எட்டுதான் வேண்டும். தெரு பெயரும் வேண்டும், வீட்டு எண் வேண்டாம். என் கணக்கு 212. ஆடுகிற ஸ்லாப் ஒன்று, அதைத் தாண்டிவிட்டேன். மழை விட்டுவிட்டது, ரசவடை தீர்வதற்குள் போகிறேன்.