வீடு யார் பேரில்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டில் சமூக வழக்கங்களும் அரசின் அதிகாரமும் காலப்போக்கில் எப்படி வளர்ந்து வருகின்றன என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் காணிக் கிளை மேசைகளில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்த மேசையிலிருந்து எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

2005 தை மாதம். சுனாமியாகக் கடல் வந்து போய் மூன்று கிழமை. நிலாவெளிக்கு அங்கால் ஒரு பாடசாலையில் சனம் தங்கியிருந்தது. மாமரத்துக்குக் கீழே ஒரு வாங்கைப் போட்டு, வீடிழந்தவர்களின் விபரங்களை நாங்கள் பதிந்துகொண்டிருந்தோம். என் முன்னால் ஒரு பெண்ணும் அவளுடைய கணவரும் வந்து உட்கார்ந்தார்கள். படிவத்தின் முதல் கட்டம் 'குடும்பத் தலைவரின் பெயர்'. நான் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார், நான் எழுதினேன். அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "பிள்ளை, அந்த வீடு அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. ஏன் அவர்ர பேரை எழுதுறீங்க?"

"அக்கா, படிவத்தில அப்பிடித்தான் இருக்கு" என்று சொன்னேன்.

என் வீடும் என் தாய் எனக்குத் தந்த வீடுதான். அதை நினைத்துப் பார்க்காமலேயே அந்தப் பதிலைச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் முதலில் வருவது வீட்டுக் கதை. பெண் பிறந்த நாளிலிருந்தே தாய் தகப்பன் வளவில் ஒரு மூலையை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்த வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற முஸ்லிம் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில் வரிசையாக வீடு கட்டி இருப்பதை இரண்டு பக்கமும் பார்க்கலாம். கணவன் அடித்தாலோ விட்டுப் போனாலோ பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை என்ற நிலை இதனால் கொஞ்சமாவது குறைந்திருந்தது. அவள் நின்றது தன் சொந்த நிலத்தில்.

இந்த வழக்கத்தை நான் புகழ்ந்து மட்டும் பேச வரவில்லை. மூன்று தங்கச்சிமாருக்கு மூன்று வீடு கட்டிக் கொடுக்கத் தன் இளமை முழுவதையும் மத்திய கிழக்கில் தொலைத்த அண்ணன்மாரை எனக்குத் தெரியும். வீடு கட்ட வழியில்லாததால் கலியாணம் ஆகாமலே இருந்துவிட்ட பெண்களையும் தெரியும். ஆனால் அந்த வழக்கத்துக்குள் பெண்ணுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அரசு கொண்டுவந்த படிவத்தில் அது இருக்கவில்லை.

வழக்கம் என்பது ஆதியிலிருந்தே ஊர் தானாக வைத்துக்கொண்டது, அரசு பின்னால் வந்து அதில் கைவைத்தது என்று நாங்கள் நினைக்கிறோம். திருகோணமலையின் கதை அப்படி இல்லை. கோணேசர் கல்வெட்டு என்று கவிராச வரோதயர் பாடிய நூலை எடுத்துப் பாருங்கள். குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் கட்டி, கோயில் தொண்டு செய்கிற குழுக்களில் தானத்தார் இன்ன வேலை, வரிப்பத்தார் இன்ன வேலை என்று பிரித்துக் கொடுத்து, அதற்கு நிலமும் ஒதுக்கினான் என்கிறது அது. அவர்களுக்குள் பிணக்கு வந்தால் தீர்க்க வன்னிபம் என்ற தலைவனையும் அமர்த்தினான். இதில் வரலாறு எவ்வளவு, மரபு எவ்வளவு என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நாங்கள் 'பரம்பரை வழக்கம்' என்று சொல்வதை அந்த நூல் ஒரு அரசனின் ஆணையாகத்தான் சொல்கிறது. ஒரு காலத்து ஆணை, ஆணையிட்டவன் போன பிறகு, வழக்கமாகிவிடுகிறது. நாலு தலைமுறை போனால் யாரும் அதை ஆணை என்று சொல்வதில்லை.

கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கோட்டை வாசலைக் கடந்துதான் போகிறோம். அந்த வாசல் கல்லில் இரட்டைக் கயல் இருக்கிறது, பழைய தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை எழுந்தது. 1639இல் அதை ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் எடுத்தார்கள். அதிகாரம் கைமாறுவது என்றால் எங்கள் மனதில் வருவது இந்தப் பீரங்கிகள்தான். ஆனால் கோயிலை இடித்தும் வழிபாடு நிற்கவில்லை. தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் எழுந்தருளினார். பழைய தொழும்பு முறைகள், அதாவது கோயில் தொண்டு முறைகள், அங்கே தொடர்ந்தன. பீரங்கியால் வழக்கத்தை அழிக்க முடியவில்லை.

வழக்கத்தை மாற்றியது எழுத்து.

1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி எழுதுவித்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுக்க, முதலியார் என்ற பதவியிலிருந்த பன்னிரண்டு உள்ளூர்த் தலைவர்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். அதுதான் தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பன்னிரண்டு முதலியார்மாரும் ஆண்கள், நிலபுலம் உள்ளவர்கள். அவர்கள் தலையசைத்ததே 'தமிழர் வழமை' என்று எழுத்தில் ஏறியது. கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது அந்தச் சட்ட மரபில் நெடுங்காலம் நின்றது. எழுதாமல் விட்டிருந்தால் அது காலத்தோடு நெகிழ்ந்திருக்கலாம். எழுதியதால் இறுகிவிட்டது.

எங்கள் சீதன வீட்டு வழக்கம் அப்படி ஒரு சட்டத்துக்குள் ஏறவில்லை. அது நொத்தாரிசு எழுதுகிற நன்கொடை உறுதிகளில் உயிர் வாழ்ந்தது. சொந்த உறுதிக்காணி இருக்கும்வரை அதற்கு ஆபத்து இல்லை. சரி, காணி அரசினுடையதாக இருந்தால்?

1840இல் ஆங்கில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. காடு, தரிசு, குடியில்லாத காணி, பயிரில்லாத காணி எல்லாம், வேறு ஒருவருடையது என்று நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது. சேனை வெட்டிப் பயிரிட்டு, சில வருடம் காட்டை ஆறவிட்டு, திரும்பி வந்து வெட்டுகிறவனிடம் என்ன உறுதி இருக்கும்? அவனுடைய வழக்கம் ஒரே சட்டத்தில் அத்துமீறல் ஆனது. இந்த நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் அரசின் கையில் இருப்பதற்கு வேர் அங்கேதான். சுதந்திரம் வந்த பிறகு எந்த அரசாங்கமும் அந்த வேரைத் தோண்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டவர்கள் போனாலும் அதிகாரத்தை வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அரசு எப்போதும் வழக்கத்தை உடைத்தது என்றும் சொல்ல முடியாது. 1856இல் நீர்ப்பாசனத்துக்கென ஒரு சட்டம் வந்தது. பழைய தண்ணீர் வழக்கங்களைத் திரும்ப உயிர்ப்பிக்க அரசே சட்டம் போட்டது. வாய்க்கால் வெட்டுவது யார், எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதை விவசாயிகளே கூட்டம் கூடி முடிவு செய்யலாம், மீறினால் தண்டம். ஊர் வழக்கத்தை நம்பியே அரசு வரி எடுக்க வேண்டியிருந்தது, அதனால் அதைக் காப்பாற்றியது.

இனி 1935ஆம் ஆண்டுக்கு வருகிறேன். என் வேலையின் பாதி இந்தச் சட்டத்தோடுதான் கழிந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். டி. எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்த காலம். காணியில்லாத குடியானவனுக்கு அரச காணி கொடுப்பது, அவன் அதை விற்றுத் தொலைக்காமல் பார்ப்பது, துண்டு துண்டாகப் பிரிபடாமல் வைத்திருப்பது அதன் நோக்கம். நோக்கத்தில் நான் குற்றம் காணவில்லை. பிரிக்கக் கூடாது என்றால் ஒருவருக்குத்தான் போகும். யார் அந்த ஒருவர்? மூன்றாம் அட்டவணை சொன்னது: முதலில் மகன்மார், பிறகு மகள்மார். பேரன், பிறகு பேத்தி. தகப்பன், பிறகு தாய். ஒரே படியில் இருவர் இருந்தால் மூத்தவர். கணவன் இறந்தால் மனைவி அவளுடைய ஆயுள்வரை இருக்கலாம். விற்கவும் முடியாது, தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறிக்கவும் முடியாது. மறுமணம் செய்தால் இருக்கிற உரிமையும் போய்விடும்.

1950களில் அல்லையிலும் கந்தளாயிலும் குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது இந்தச் சட்டமும் கூட வந்தது. அந்தக் குடியேற்றங்கள் இந்த மாவட்டத்தின் சனத்தொகையை எப்படி மாற்றின, அதனால் எத்தனை காயங்கள் வந்தன என்பது தனி உரைக்குரிய விஷயம். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேமிட் என்கிற அரச காணி அனுமதிப்பத்திரம் கிடைத்த தமிழ்க் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ சிங்களக் குடும்பமோ, எல்லா வீட்டிலும் அந்த அட்டவணை மகளைப் பின்னுக்குத் தள்ளியது. மகளுக்கு வீடு கொடுத்துப் பழகிய ஊர்களில் ஒரு தலைமுறைக்குள், "காணி ஆம்பிளைப் பிள்ளைக்குத்தானே, அதுதானே முறை" என்ற பேச்சை என் மேசைக்கு முன்னால் நானே கேட்டேன். சொன்னவர் ஒரு தாய். அது அரசு எழுதிய வரி என்பது அவவுக்குத் தெரியாது.

இதற்கு மாறாக நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இருபத்தொரு வயது வந்த ஆணும் பெண்ணும், எந்தச் சாதியானாலும், வாக்களிக்கலாம். அதை எதிர்த்தவர்களில் எங்கள் பெரியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அன்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு முடிவெடுத்திருந்தால் என் அம்மம்மாவுக்கு வாக்கு கிடைத்திருக்காது. சாதியின் பேரால் பொது இடத்தில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தபோதும் வழக்கம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்தான் நின்றது. சட்டத்தின் பக்கம் நியாயம் இருந்தது. அதே காலத்தில்தான், 1956இல், ஒரு மொழியை மட்டும் அரச மொழியாக்கிய சட்டமும் வந்தது. விளங்காத மொழியில் வந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடிய அப்பாமாரை எங்கள் தலைமுறை மறக்காது. ஒரே அரசு, ஒரே பத்தாண்டு, ஒரு கையால் கதவைத் திறந்து மறுகையால் இன்னொன்றைப் பூட்டியது.

1963இல் ஊர்த் தலைவர்களாக இருந்த விதானைமார் போய்க் கிராம சேவகர் வந்தார். செல்வாக்கும் காணியும் உள்ள வீட்டு மனிதர் இருந்த இடத்தில், பரீட்சை எழுதி வந்த, இடமாற்றம் பெறக்கூடிய உத்தியோகத்தர். வெற்றிலையோடு விதானை வீட்டு விறாந்தையில் நின்ற ஊர், படிவத்தோடு வரிசையில் நிற்கப் பழகியது. அந்த வரிசையில் சாதி பார்த்து முன்பின் விடவில்லை. அது பெரிய முன்னேற்றம். ஆனால் விதானைக்கு எந்த வீடு யாருடைய சீதனம் என்று தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

அப்படித்தான் 2005 மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று அரசு அறிவித்ததால், உள்ளே தள்ளி அரச காணியில் வீடு கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் பெயரில்தான் கொடுத்தார்கள். யார் தலைவர் என்று சட்டம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் பேனையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த ஆணைப் பார்த்து எழுதினோம். கிழக்கில் எத்தனையோ பெண்களின் சீதன வீடு கடலில் போய், கணவன் பேரில் திரும்பி வந்தது. பெண்கள் அமைப்புகள் இதை எடுத்துச் சொல்லி, இருவர் பெயரிலும் உரிமை வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். 1935ஆம் ஆண்டு அட்டவணையில் இருந்த ஆண் பெண் வேறுபாடு 2022இல்தான் நீக்கப்பட்டது. எண்பத்தேழு வருடம்.

அந்தப் பெண் 2011இல் என்னிடம் திரும்ப வந்தா. கணவர் வேறு குடும்பமாகிப் போயிருந்தார். ஒரு ஷொப்பிங் பையிலிருந்து பழைய நன்கொடை உறுதியை எடுத்து மேசையில் விரித்தா. கடல் நனைத்துக் காய்ந்த தாள், அப்பளம் போல் நெளிந்திருந்தது. மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. நொத்தாரிசின் கையெழுத்து வாசிக்க முடியவில்லை. கீழே தாயின் பெருவிரல் அடையாளம் மட்டும் ரேகை ரேகையாகத் தெளிவாக இருந்தது. புது வீட்டுக் கோப்பை நான் திறந்தேன். முதல் கட்டத்தில் என் கையெழுத்தில் அவளுடைய கணவரின் பெயர்.

நேயர்களே, உங்கள் வீட்டில் அரச காணிக்கான பேமிட்டோ அளிப்புப் பத்திரமோ இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர், அதாவது உரிமையாளருக்குப் பின் காணியைப் பெறுபவர், என்ற இடத்தில் பெயர் இருக்கிறதா, யாருடைய பெயர் என்று பாருங்கள். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய் அதை மாற்றலாம். மகளின் பெயரையும் போடலாம், மனைவியின் பெயரையும் போடலாம். பதிகிற உத்தியோகத்தர் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், எழுதுவதற்கு முன் இரண்டு பேருடைய முகத்தையும் பாருங்கள்.

அந்த அக்காவின் மகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல சனமாம். ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார்கள், வீடு யார் பேரில் என்று.

வணக்கம்.